பிளைவூட்டின் ஓரம்: தேயிலைப் பெட்டியிலிருந்து நம்ம குசினி வரை

இப்ப நம்மூரில் புது வீடு கட்டினாலும் பழைய வீட்டைத் திருத்தினாலும் முதல் பேச்சு பென்ட்ரியைப் பற்றித்தான். வெளிநாட்டில் உழைத்த காசு, சீட்டுக் காசு, சில வீடுகளில் உம்மாவின் நகையை அடகு வைத்த காசு, எல்லாம் அந்தக் கபட்டுகளுக்குள் போகிறது. மூன்று நாலு மாரி போன பிறகு பார்த்தால் சிங்குக்குக் கீழே இருக்கும் பலகை ஊதி, ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. "பலகை சரியில்லை", "பாஸ் ஏமாத்திட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். அநேகமாகப் பிழை ஓரத்தை மூடாமல் விட்டதில்தான் இருக்கிறது.

இந்த ஓரத்துக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஞ்ஞானம். மரம் என்பது நுண்ணிய குழாய்களைக் கட்டாகக் கட்டி வைத்தது போன்றது. தண்ணீரை அதிகமாக உறிஞ்சுவது அந்தக் குழாய்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகம்தான். சாதாரண பலகைக்கு அப்படியான வாய் இரண்டு நுனியில் மட்டும் இருக்கும். பிளைவூட்டில் ஒரு தகடு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மாறிமாறி ஒட்டப்படுவதால், நாலு ஓரத்திலும் பாதித் தகடுகளின் வாய் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். பலகையை வளையாமல் வைத்திருப்பதும் இந்தக் குறுக்கு ஒட்டுத்தான், நாலு பக்கமும் தண்ணீர் குடிக்க வைப்பதும் அதுதான்.

ஆரம்பகாலத் தொழிலாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1905இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்த கண்காட்சிக்கு அங்குள்ள ஒரு தொழிற்சாலை பிளைவூட் செய்து வைத்தது. பசை தடவியது பெயின்ட் தூரிகையால், அழுத்தியது வீடு தூக்கும் ஜாக்கிகளால். அதை விரும்பி வாங்கியவர்கள் கதவு செய்கிறவர்கள். கதவுச் சட்டத்தில் காடி வெட்டி அதற்குள் பலகையைச் செருகினால் நாலு ஓரமும் மரத்துக்குள் போய்விடும். லாச்சியின் அடிப்பலகையும் அப்படியே. ஓரம் வெளியே தெரிகிற இடத்தில் பிளைவூட்டைப் போடுவதே அன்று குறைவு.

ஓரத்தை மறைக்க முடியாத பொருள் ஒன்று இருந்தது. அதுதான் தேயிலைப் பெட்டி.

இன்றைய எஸ்தோனியாவின் தலின் நகரில் லூத்தர் குடும்பத்தின் தொழிற்சாலை முதலில் கதிரை இருக்கைகளுக்குத்தான் ஒட்டுப்பலகை செய்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் அந்தப் பலகையை விற்பதற்கென்று இலண்டனில் வெனெஸ்டா என்ற கொம்பனி தொடங்கியது. இலேசான, உறுதியான அந்தப் பெட்டி தேயிலை வியாபாரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. தென்துருவம் நோக்கிப் போன ஷக்கிள்டன் கூட 1907இல் தன் சாமான்களை வெனெஸ்டா பெட்டிகளில்தான் கொண்டுபோனார். அங்கே பனிக்குள் இருந்து அவருடைய ஆட்கள் அச்சடித்த புத்தகத்துக்கு அட்டையாக வந்ததும் அந்தப் பெட்டிப் பலகைகள்தான்.

பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லா விளிம்பிலும் தகரப் பட்டி மடித்து ஆணி அடித்திருக்கும், உள்ளே ஈயத்தாள் விரித்திருக்கும். அந்தத் தகரம் அழகுக்குப் போட்டதல்ல. பலகைகளை இணைத்தது அது, அடிபடாமல் காத்தது அது, ஓரத்தை மூடியதும் அதுதான். ஈரம் பட்டால் தேயிலை போச்சு, காசு போச்சு. அதனால் ஒரு ஓரத்தைக் கூட யாரும் சும்மா விடவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பால்டிக் பக்கத்துப் பலகை வரும் வழி அடைபட்டது. அந்தக் காலத்தில்தான் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசாங்கம் பிளைவூட் தொழிற்சாலை ஒன்றை ஆரம்பித்தது. (2017 நவம்பரில் நாம் கலங்கிப்போய்ச் செய்தி கேட்ட அதே கிந்தோட்டைதான்.) பிறகு கொஸ்கமவில் இன்னும் பெரிய தொழிற்சாலை வந்தது. அதற்கு மரம் கொடுக்க 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின. எதிர்ப்புக் கிளம்பி 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமை ஆனது. தரம் 11 பிள்ளைகளுக்குச் சிங்கராஜவைச் சொல்லிக்கொடுக்கும்போது, அது ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டியாகப் போகப் பார்த்த காடு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் மனதில் நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வளைத்த பிளைவூட்டில் கதிரை செய்தார்கள். போர்க்காலத்தில் கால் முறிந்த படையினருக்கு அதே முறையில் கட்டுப்பலகை செய்து பழகிய கை அவர்களுடையது. அவர்கள் ஓரத்தை மறைக்கவில்லை. தகட்டுக் கோடுகள் தெரிய வழவழப்பாக்கி விட்டார்கள். இன்று இணையத்தில் பார்த்து "எங்களுக்கும் இப்படித் தெரிகிற மாதிரி வேணும்" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது, அது சாலையில் போடுகிற கதிரை, சிங்குக்குக் கீழே நிற்கிற கபட் இல்லை. அத்தோடு அதற்கு உள்ளே ஓட்டை இல்லாத நல்ல பலகை வேண்டும். நம்ம கடைகளில் கிடைக்கும் மலிவுப் பலகையை அறுத்துப் பாருங்கள், நடுத் தகட்டில் விரல் நுழையும் இடைவெளி தெரியும்.

ஓரத்தில் நாடா ஒட்டும் இயந்திரம் 1960களில் ஜேர்மனியில் வளர்ந்தது. சட்டம் இல்லாத பெட்டிக் கபட் உலகமெல்லாம் பரவ அதுவும் ஒரு காரணம். இன்று நம்ம பாஸ்மார் அயன் பெட்டியால் சூடாக்கி ஒட்டும் பிவிசி நாடா அதன் சின்னத் தம்பி.

நாடா கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கதவின் முன் ஓரத்துக்கு அது போதும். கை அடிக்கடி படுகிற இடத்துக்கும் தட்டுகளின் முன் விளிம்புக்கும் மெல்லிய மரப் பீடிங் பசை போட்டு ஒட்டிச் சீவிவிட்டால் பல வருடம் உழைக்கும். என் கவலை கண்ணுக்குத் தெரியாத ஓரங்கள். கபட்டின் அடி, சுவரைப் பார்க்கும் பின்பக்கம், குழாய்க்கு வெட்டிய ஓட்டையின் உள்சுற்று. அங்கே நாடா வேண்டாம். மண்தாள் போட்டுத் தேய்த்து, சீலரோ வார்னிஷோ இரண்டு மூன்று தடவை பூசினால் போதும். முதல் பூச்சை ஓரம் குடித்துவிடும், அதனால் ஒரு தடவையோடு நிறுத்தக்கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா வார்னிஷும் அரை நாள் கூலியும். பூச வேண்டியது கபட்டைச் சுவரில் பொருத்துவதற்கு முதல், பொருத்திய பிறகு கை போகாது.

பாஸோடு விலை பேசும்போது "அடியையும் பின்பக்கத்தையும் பூசித் தருவீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அவருக்கும் மனவருத்தம், நமக்கும் மனவருத்தம்.

யாருடைய வீட்டிலாவது தகரப் பட்டி அடித்த பழைய தேயிலைப் பெட்டி இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.