புத்தளத்தில் இறங்கி மலை ஏறிய மனிதர்



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருப்பவன். "சேர், ஏப்ரல்ல பாவா ஆதம் மலைக்குத் தனியப் போகப்போறன். எந்தப் பக்கத்தால ஏறுறது நல்லம்?" என்று கேட்டான். அடுத்த நாள் அவனுடைய உம்மா பாடசாலைக்கே வந்துவிட்டார். "தாடி வச்ச பொடியன், தனிய, அந்த மலைக்கு. இந்தக் காலத்தில இது தேவையா சேர்? நீங்களாவது சொல்லுங்களேன்." 2019க்குப் பிறகு நமது வீடுகளில் இந்தப் பயம் புதிதல்ல. வாப்பாவின் கேள்வி வேறு: "அது நம்மட இடமா?"

நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஆகவே பதிலை வரலாற்றிலிருந்தே சொல்லப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1325ஆம் ஆண்டு மொரோக்கோவின் தான்ஜியர் நகரத்திலிருந்து 21 வயதுப் பொடியன் ஒருவன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டான். துணைக்கு ஆள் இல்லை, சேர்ந்துபோக ஒரு கூட்டமும் இல்லை. தாய், தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தார்கள். பிரிந்து வந்தது எவ்வளவு வேதனை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர்தான் இப்னு பதூதா. 1344இல், 40 வயதில், மாலைதீவிலிருந்து மஃபர் என்று அறபிகள் அழைத்த தமிழகக் கரைக்குப் போகக் கப்பல் ஏறினார். ஒன்பது நாள் கடலில் கழிந்தபின் வந்து சேர்ந்த இடம் நமது புத்தளம். கரையோரம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், ஊரைச் சுற்றி மரத்தாலான மதிலும் கோபுரங்களும் இருந்ததையும் எழுதியிருக்கிறார். பாடப்புத்தகத்தில் இப்னு பதூதாவுக்குக் கிடைப்பது இரண்டு வரி. அவர் நம் ஊரில் இறங்கியவர் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அப்போது இங்கே ஆட்சி செய்தவர் ஆரியச் சக்கரவர்த்தி. அவருக்குப் பாரசீக மொழி விளங்கும். மூன்று நாள் உபசரித்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் விருந்தாளி. அரசர் கொடுத்த ஆட்களைக் கணக்குப் பாருங்கள்: சுமந்து செல்லப் பல்லக்கு, வருடாவருடம் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர். பல்லக்குத் தூக்கிகளை விட்டாலே 32 பேர். அவர் வந்த கப்பலின் தலைவனோ, ஒரு வருடமானாலும் நீங்கள் திரும்பும்வரை காத்திருப்பேன் என்று நின்றுகொண்டான்.

தனியாகப் புறப்பட்ட அந்தப் பயணி நமது மலைக்கு ஏறியது இப்படித்தான். யோகியும் பிராமணரும் வழிகாட்ட, ஒரு முஸ்லிம். இதைச் சொன்னபோது அந்த உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனால் இதை வைத்து "பார்த்தீர்களா, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமை" என்று தேன் தடவி எழுத நாம் தயாரில்லை. அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வழியில் குனக்கார் என்றொரு தலைநகரம். அது குருநாகலா, கம்பளையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதற்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. பாதத்துக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டியே அவர்தான். அரசரும் மக்களும் அவரைச் சென்று கண்டு மரியாதை செய்தார்கள். அவர் ஒரு மாட்டை அறுத்துவிட்டார். அதற்குத் தண்டனை மரணம். அவர் மீதிருந்த மதிப்பினால் உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்கே எழுதியும் கொடுத்தார்கள். அதன்பின் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டிகளானார்கள். மரியாதையும் கத்தியும் ஒரே மனிதர் மீது. இதை மறைத்தால் நாம் சொல்வது வரலாறு அல்ல, வாழ்த்துமடல்.

இந்தப் பாதையை முஸ்லிம்களுக்கு முதலில் திறந்துவிட்டவர் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷீராஸ் பெரியார் இப்னு கஃபீஃப் என்கிறார் இப்னு பதூதா. கூட வந்த பக்கீர்கள் பசி தாங்காமல், அவர் தடுத்தும் கேளாமல், யானைக்குட்டி ஒன்றைப் பிடித்துத் தின்றார்களாம். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து எல்லாரையும் கொன்றன. இறைச்சி தொடாத அவரை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் எல்லையில் இறக்கியதாம். நடந்ததோ இல்லையோ, இந்நாட்டவர் முஸ்லிம் பக்கீர்களை வீட்டுக்குள் எடுத்து உணவு கொடுப்பது அன்றிலிருந்துதான் என்று 1344இலும் மக்கள் நம்பினார்கள். தனியாக வந்த அந்நியனை யானையே மதித்தது என்று கதை சொல்லும் ஊர், வழிப்போக்கனை விரட்டாது அல்லவா.

இனி மாணவனின் கேள்வி, எந்தப் பாதை? அன்றும் இரண்டு பாதைகள் இருந்தன. பாபா பாதை, மாமா பாதை. பாபா என்றால் ஆதம், மாமா என்றால் ஹவ்வா. மாமா பாதை இலகு, இறங்குவதற்கானது. அதன் வழியே ஏறினால் ஸியாரத் செய்ததாகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம்! பாபா பாதை செங்குத்து. பத்துச் சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்த்தால் தலை சுற்றி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா சொல்லுமாம்.

அந்தப் பெயர்களை இன்றைய பாதைகளில் ஒட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் தெரிவு இன்றும் அதேதான். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போனால் ஏறத்தாழ 5,500 படிகள், நான்கு மணித்தியாலம் போதும். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையால் ஏறினால் காடு, தூரம், முழங்கால் வலி. முதல்முறை, அதுவும் தனியாகப் போகிறவன் நல்லதண்ணியால் போகட்டும். மாமா பாதைக்காரன் என்று யாரும் பகிடி பண்ணினால் பண்ணட்டும்.

காலம்தான் முக்கியம். வசந்தம் என்று தனியாக ஒன்று நமக்கில்லை. மலைக்கு மட்டும் உண்டு. மார்கழிப் போயாவில் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக்குடன் முடிகிறது. அதற்குள் விளக்கு, தேத்தண்ணிக் கடை, பொலிஸ், முதலுதவி எல்லாம் இருக்கும். வெசாக் கழிந்தால் தென்மேல் பருவமழை, இருட்டு, பனிமூட்டம். இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்தது செப்டம்பர் அளவில். காற்று கொண்டுவந்து விட்ட நேரம் அது, அவருக்குத் தெரிவு இல்லை. அதனால்தானோ என்னவோ, அவருடைய குறிப்பில் அட்டைகள் துள்ளுகின்றன. மரத்திலும் புல்லிலும் இருந்து பாயும் அட்டைக்கு அக்காலத்தவர் கையில் தேசிக்காய் வைத்திருந்து பிழிந்துவிடுவார்களாம். மார்ச், ஏப்ரலில் அட்டை குறைவு. ஆனால் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். ஆகவே இரவில் ஏறி, விடிந்ததைப் பார்த்து, பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். போயா நாளும் புத்தாண்டு நாட்களும் வேண்டாம், படியில் கால் வைக்க இடமிராது.

வாப்பாவின் கேள்வி மிச்சமிருக்கிறது. ஆதம் (அலை) அவர்கள் இறக்கப்பட்டதைக் குர்ஆன் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. அறபு வணிகர் குறிப்பில் இந்த மலை 851இலேயே வந்துவிட்டது. அது நமது மூதாதையரின் நினைவு, மார்க்கத்தின் கட்டளை அல்ல. அதற்காக மலையை நமதென்று சொந்தம் கொண்டாடவும் முடியாது. முதலாம் விஜயபாகு மன்னர் கிலிமலைக் கிராமத்தை யாத்திரிகர் உணவுக்காக விட்டுக்கொடுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவபதிராஜ என்ற அமைச்சர் வழியெங்கும் பாலங்கள் கட்டினார். அந்தப் பாலங்களில் யார் நடக்கவில்லை?

கல்வியியற் கல்லூரியில் இருந்த நாட்களில், ஒரு மார்ச் மாதம், நாமும் ஏறினோம். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மே, முதல்முறையா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றதும், பெயரும் கேட்டார். சொன்னோம். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, உங்கள் ஆதமும் இவ்வளவு படி ஏறினாரா என்று சிரித்துவிட்டு, பையிலிருந்த தோடம்பழத்தில் பாதியைத் தந்தார்.

உம்மா சம்மதித்துவிட்டார், இரண்டு நிபந்தனையோடு. நல்லதண்ணியில் இறங்கியதும் ஒரு கோல், உச்சியில் ஒரு கோல். சிக்னல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பொடியன் கேட்கவில்லை, நாமும் ஞாபகப்படுத்தவில்லை. பையில் இரண்டு தேசிக்காய் வைக்கச் சொன்னோம். அட்டை இல்லாவிட்டால் தேத்தண்ணியில் பிழிந்து குடிக்கலாம்.