அமைதிப் படைகளில் அடையாளமும் மொழியும்: சூயஸ் முதல் காங்கோ வரை

ஒரு நாட்டின் படையில் ஆணை, வணக்கம், உடை, உணவு ஆகியன ஒரே மரபிலிருந்து தோன்றுகின்றன. பல நாட்டு வீரர்கள் ஒரு தலைமையின்கீழ்ப் பணியாற்றும் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைக்கு அத்தகைய மரபு இல்லை. அதனைப் புதிதாக உருவாக்கும் முயற்சியில் முதலில் கவனம் பெற்றது புற அடையாளமே. அவ்வீரர்கள் சென்றிறங்கிய மண்ணின் மொழி மிகப் பிந்தியே கருத்தில் கொள்ளப்பட்டது.

சூயஸ் நெருக்கடியையொட்டி 1956 நவம்பரில் எகிப்தில் அமைக்கப்பட்ட அவசரகாலப் படையில் இந்தியா, கனடா, யுகோஸ்லாவியா, பிரேசில் உள்ளிட்ட 10 நாடுகள் இடம்பெற்றன. கனடா அனுப்ப முன்வந்த காலாட்படைப் பிரிவின் பெயர் ‘அரசியின் சொந்தத் துப்பாக்கிப் படை’ எனப் பொருள்படுவது. சில நாட்களுக்கு முன்னர்வரை எகிப்தின்மீது குண்டு வீசிய பிரித்தானியாவின் அரசியே கனடாவுக்கும் அரசி; வீரர்களின் உடையும் ஏறத்தாழ ஒன்றே. எகிப்து அப்பிரிவை ஏற்கவில்லை. மாற்றாகச் செய்தித் தொடர்பு, போக்குவரத்து முதலிய துணைப் பிரிவுகளையே கனடா அனுப்ப நேர்ந்தது. இயற்பெயர் ஒன்றைச் சுட்டுமேயன்றிப் பொருள் உணர்த்தாது என வாதிடுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம்.

புகழ்பெற்ற நீலத் தலைக்கவசமும் இக்குழப்பத்தின் விளைவே. நீலத் துணித் தொப்பிகளைச் செய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும் என அறிந்ததும், ஐரோப்பாவில் அமெரிக்கப் படையிடம் மிகுதியாக இருந்த தலைக்கவசங்களின் உட்கூடுகளுக்கு நீல வண்ணம் பூசப்பட்டது. ஐ.நா. பணியில் சீக்கியருக்கு அவ்வண்ணம் தலைப்பாகையில் அமைந்தது. உணவிலும் வழிபாட்டிலும் அவரவர் வழக்கம் பேணப்பட்டது. ஆங்கிலம் படையின் தொடர்புமொழியாயிற்று. படைக்குள் எழுந்த வேற்றுமைகளுக்கு இவ்வாறு ஓரளவு தீர்வு காணப்பட்டது எனலாம்.

1960 ஜூலையில் தொடங்கிய காங்கோ நடவடிக்கையில் இத்தீர்வின் எல்லை புலப்பட்டது. உச்சநிலையில் ஏறத்தாழ 20,000 பேர் அங்குப் பணியாற்றினர். நாட்டின் ஆட்சிமொழி பிரெஞ்சு. காங்கோப் படையில் வழங்கியது லிங்காலா. கிழக்கிலும் கட்டாங்காவிலும் பொதுமொழி சுவாகிலி. வந்திறங்கிய கானா, அயர்லாந்து, இந்திய அதிகாரிகளுக்கோ ஆங்கிலமே கைவந்த மொழி. பன்மொழிச் சூழல் இந்தியப் படைக்குப் புதிதன்று. கூர்க்காப் பிரிவில் சேரும் அதிகாரி நேப்பாளி கற்பது அதன் நெடுநாளைய மரபு. ஆயினும் அம்மரபு தம் வீரரோடு பேசுவதற்கானது. ஊர் மக்களோடு பேசுவதற்கானதன்று.

1960 நவம்பர் 8ஆம் நாள் வட கட்டாங்காவின் நியம்பா அருகே, சாலைத் தடைகளையும் பாலங்களையும் பார்வையிடச் சென்ற 11 அயர்லாந்து வீரர்களைப் பலூபா மக்கள் சூழ்ந்தனர். குழுத் தலைவர் ‘ஜம்போ’ எனச் சுவாகிலியில் வணக்கம் கூறியதாகவே இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. சொல் சரியானதே. ஆனால் பலூபாக்கள் அப்போது கட்டாங்காவின் ஆயுதப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்தனர்; அப்படையை நடத்தியவர்கள் வெள்ளையர். சீருடை அணிந்த வெள்ளையர் ஒருவரின் வாயிலிருந்து வந்த அச்சொல், வந்தவர் பகைவரல்லர் என்பதை உணர்த்தப் போதவில்லை. நீல வண்ணமும் அங்கு எதனையும் உணர்த்தவில்லை. ஒன்பது வீரர்கள் உயிரிழந்தனர். அகராதிப் பொருளும் பயன்பாட்டுப் பொருளும் பிரிந்து நிற்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு அரிது. சொல்லை மட்டுமன்றி, அதை யார் யாரிடம் எந்நிலையில் கூறுகிறார் என்பதையும் அறிந்த உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே அவ்விடைவெளியை நிரப்பியிருக்கக்கூடும்.

1961 செப்டம்பரில் ஜாடோவில் நகரில் முற்றுகையிடப்பட்ட அயர்லாந்துப் பிரிவினருடன் சுவீடன் நாட்டு அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஆங்கிலம் பேசுவோர்க்கும் பிரெஞ்சு பேசுவோர்க்கும் இடையே இரண்டும் தாய்மொழியல்லாத ஒருவர் நின்றது குறிப்பிடத்தக்கது. அதே முற்றுகையில், எதிரிகள் செவிமடுப்பதைத் தவிர்க்க வானொலிச் செய்திகளில் ஐரிஷ் மொழியும் பயன்பட்டது. அயர்லாந்திலேயே சிறுபான்மையோர் மட்டும் அன்றாடம் பேசும் அம்மொழி, காங்கோவில் மறைமொழியாயிற்று.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2010ஆம் ஆண்டையொட்டி, அதே நாட்டின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஐ.நா. படைமுகாம்களில் ‘சமூகத் தொடர்பு உதவியாளர்’ என்னும் பணியிடம் தோற்றுவிக்கப்பட்டது. பணியேற்றோர் காங்கோ நாட்டவர். முகாமின் வீரர்களுடன் சிற்றூர்களுக்குச் செல்வதும், மக்கள் யாருக்கு, எதற்கு அஞ்சுகின்றனர் என்பதைக் கேட்டறிந்து படைத் தலைவருக்கு உணர்த்துவதும் இவர்தம் கடமைகளாயின. உரையாடலைப் பெயர்த்துரைப்பது அவற்றுள் ஒன்று மட்டுமே.