சேஷ் அரசியின் தைலமும் ஒரு ஆண்பால் வேர்ச்சொல்லும்

கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்று, இன்று ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படும் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுருளில் ஒரு மருந்துக் குறிப்பு உண்டு. நாயின் பாதம், பேரீச்சங்கொட்டை, கழுதைக் குளம்பு ஆகிய மூன்றையும் எண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்க்கச் சொல்கிறது அது. எகிப்திய அரசன் ஒருவனின் தாயாகிய சேஷ் என்பாருக்காகச் செய்யப்பட்டது என்ற குறிப்பும் உடன் உள்ளது. அத்தைலம் முடியை வளர்த்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் முடிக்கான கூட்டுமருந்தின் தொன்மையான பதிவுகளுள் ஒன்று ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டு மருத்துவமோ ஆணிடமிருந்து தொடங்கியது. விதை நீக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்து, வழுக்கைக்கும் ஆண் இயக்குநீருக்கும் உள்ள தொடர்பை 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் நிறுவினார். 1951இல் ஆண் வழுக்கையை வகைப்படுத்தினார். முன்நெற்றிக் கோடு நிலைக்க, உச்சி மட்டும் அடர்த்தி குன்றும் பெண்களின் முடியிழப்பை எரிக் லுட்விக் மூன்று படிநிலைகளாக வகுத்தது 1977இல்தான்.

மருந்தின் வரலாறும் அவ்வழியே சென்றது. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் உருவாக்கிய மினாக்சிடில், 1979இல் உயர் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையாக ஒப்புதல் பெற்றது. உண்டவர்களின் உடலெங்கும் முடி வளர்ந்தது, அப்பக்கவிளைவே பூசுமருந்தாயிற்று. ஆண்களுக்கு 1988இலும் பெண்களுக்கு 1991இலும் ஒப்புதல் கிடைத்தது. 5 விழுக்காட்டு வலிமை ஆண்களுக்கு 1997இல் கிடைக்க, பெண்களுக்கான நுரைவடிவம் 2014 வரை காத்திருந்தது.

தனி மருந்து எல்லாருக்கும் பயன்தரவில்லை. மயிர்க்காலிலுள்ள சல்ஃபோடிரான்ஸ்ஃபெரேஸ் என்னும் நொதி மாற்றினால்தான் மினாக்சிடில் செயல்படும். அந்நொதி குறைந்தவர்களுக்குப் பலனும் குறையும். டிரெட்டினோயின் அந்நொதியின் செயற்பாட்டைக் கூட்டவல்லது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த ஆய்வு 1986இலேயே வெளிவந்துவிட்டது. கூட்டின் காரணம் பின்னரே தெளிவாயிற்று.

ஃபினாஸ்டெரைடைச் சேர்க்கும் கூட்டில்தான் சிக்கல் உள்ளது. 1997இல் ஆண்களின் வழுக்கைக்காக ஒப்புதல் பெற்ற இம்மருந்து, ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் குலைக்கக்கூடும். எனவே கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடுவதும் ஆகாது என்பது எச்சரிக்கை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் உட்கொள்ளக் கொடுத்து ஓராண்டு நடத்திய ஆய்வு, பலனில்லை என 2000இல் அறிவித்தது.

சொல்லும் இவ்வரலாற்றைச் சுமக்கிறது. ஆண்ட்ரோஜெனெடிக் அலோபேசியா என்ற பெயரில் முன்நிற்பது ‘ஆண்’ எனப் பொருள்படும் கிரேக்க வேர். இந்நிலையுள்ள பெண்களுள் பலருக்கு ஆண் இயக்குநீர் இயல்பான அளவிலேயே இருப்பதால், ‘பெண்வகை முடியிழப்பு’ என்ற பெயர் பின்னர் வலுப்பெற்றது. நம் வழக்கிலும் ‘வழுக்கைத் தலையன்’ என்பது சரளமாக வரும். அதன் பெண்பால் வடிவம் அரிதாகவே காதில் விழுகிறது. பெயரற்ற துன்பத்தைப் பின்னலின் வகிட்டை மாற்றி மறைப்பதே பெண்களுக்கு வழக்கமாயிற்று.

எனவே ஒரு கூட்டுமருந்துக் குப்பியைக் கையிலெடுக்கும் பெண், அதனுள் என்னென்ன உள்ளன, அவற்றுள் எது பெண்களிடம் சோதிக்கப்பட்டது, கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவருக்கு எது ஆகாது என்று தோல் மருத்துவரிடம் கேட்டறிவது அவரது உரிமை. சேஷ் அரசியின் தைலத்தில் என்ன இருந்தது என்பதையும் அது யாருக்கானது என்பதையும் அவ்வேடு எழுதி வைத்தது. இன்றைய குப்பிகளிடம் அதற்குக் குறையாமல் எதிர்பார்ப்போம்.