கண்ணைத் தொட்ட காய்ச்சல்

டெங்கிக் காய்ச்சல் என்றதும் சிங்கப்பூர் மக்களின் நினைவுக்கு வருவது குருதிக் கசிவேயாகும். 1973ஆம் ஆண்டில் 27 உயிர்களைப் பறித்த கொள்ளைநோய் விதைத்த அச்சம் அது. 1968இல் பிறந்த கொசு ஒழிப்புச் சட்டமும், பூச்சாடி முதல் தண்ணீர்த் தொட்டி வரை வீடுதோறும் நடந்த சோதனையும் நோயை நெடுங்காலம் அடக்கி வைத்தன. அந்த வெற்றியின் நிழலில் வளர்ந்த தலைமுறைக்கோ எதிர்ப்பாற்றல் வாய்க்கவில்லை.

2005இல் 14,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 25 பேர் மாண்டனர். பிழைத்தோரிலும் சிலருக்கு வேறொரு துன்பம் காத்திருந்தது. காய்ச்சல் கண்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில், உடல் தேறும் வேளையில், பார்வை மங்கிற்று. எதிரே நிற்பவரை நோக்கினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரும்புள்ளி! விழித்திரை வெறும் திரையன்று. கருவில் மூளையோடு பிறந்து, நரம்பால் அதனோடு பிணைந்தது. தேக்காவுக்கு வடக்கேயுள்ள டான் டோக் செங் மருத்துவமனையின் கண் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்து எழுதினர். பெரும்பாலோர் பார்வை மீண்டது. சிலருக்கு அப்புள்ளி எளிதில் அகலவில்லை.

அவ்வாண்டில் மேலோங்கியது கிருமியின் முதல் வகை. 2007இல் இரண்டாம் வகை பரவியபோது மருத்துவமனைப் படுக்கைகள் மீண்டும் நிரம்பின; கண் நோய் மட்டும் ஏறத்தாழத் தலைகாட்டவேயில்லை.