ஒரே முதல் அடி: இரண்டு கொரியக் கலைகளின் வரிசைப் பாடங்களில் வரலாறு

கல்கத்தாத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பாட்டும் பரதமும் மட்டும் கற்ற காலம் போய்விட்டது. வெள்ளைச் சட்டையும் கலர் பெல்ட்டுமாக டேக்வாண்டோ வகுப்புக்குப் போகிற பேரன் பேத்திகள் இன்று லேக் மார்க்கெட் பக்கத்தில் அபூர்வம் அல்ல. அவர்களின் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "ஏன் சார், இதெல்லாம் நம்ம போதிதர்மர் காஞ்சிபுரத்துலேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்ததுதானே?" 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் உறுதியான குரலில் வருகிறது. கேட்பவர் பதிலை முன்பே முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்.

நான் இரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கம்பு சுற்றியவனும் அல்லன், காலைத் தலைக்கு மேல் தூக்கியவனும் அல்லன். ஆனால் பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் முறையில் எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு. உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டறிந்தார்கள் அல்லவா? ஒரு பிழையோ ஒரு மாற்றமோ இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் வந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று. அதே முறையை உடம்பால் எழுதப்பட்ட பாடங்களுக்கும் பொருத்திப் பார்க்க முடியும் என்பதே இக்கட்டுரை.

கைகலப்புக் கலைகளில் ஆசான் மாணவனுக்குத் தரும் நிரந்தரப் பாடம், எதிரி இல்லாமல் தனியே ஆடிப் பழகும் வரிசை. எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கையால் தடுப்பது, எத்தனையாவது அடியில் சத்தம் கொடுப்பது, எல்லாம் அதில் விதிக்கப்பட்டிருக்கும். ஜப்பானியர் இதைக் 'கட்டா' என்பர். கொரியக் கலையான டாங் சூ டோவில் 'ஹியங்'. டேக்வாண்டோவில் ஒரு பிரிவார் 'துல்' என்றும் இன்னொரு பிரிவார் 'பூம்சே' என்றும் சொல்கிறார்கள். சங்கீத மாணவனுக்குச் சரளி வரிசை எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

டாங் சூ டோவின் கதையை முதலில் பார்ப்போம். ஹ்வாங் கீ என்பவர் (1914–2002) கொரியா விடுதலை பெற்ற சில வாரங்களில், 1945 நவம்பரில், சியோலில் மூ டுக் க்வான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவரும் இரயில்வே ஆள்! மஞ்சூரியாவில் இரயில்வே வேலை பார்த்தவர். கூடம் நடந்ததும் யோங்சான் இரயில் நிலையத்தை ஒட்டி. முதல் மாணவர்களும் இரயில்வே ஊழியர்கள். (கார்டன் ரீச் அலுவலகத்தில் காலம் கழித்த நம்மவர்கள் இதைப் படித்துச் சற்றே பெருமைப்படலாம்.) முதலில் அவர் வைத்த பெயர் ஹ்வா சூ டோ. கூட்டம் சேரவில்லை. ஜனங்களுக்குத் தெரிந்த பெயர் 'டாங் சூ' என்பதுதான். சரி, அதையே வைப்போம் என்று மாற்றினார்.

அந்தப் பெயரில்தான் விஷயம் இருக்கிறது. 'டாங் சூ' என்றால் 'தாங் நாட்டுக் கை', அதாவது சீனக் கை. ஒக்கினாவாத் தீவில் கராத்தேயை எழுதப் பயன்பட்ட பழைய இரண்டு சீன எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு அது. ஜப்பானியர் 1930களில் முதல் எழுத்தை மாற்றி, அதே உச்சரிப்புள்ள 'வெறுங்கை' என்று எழுதத் தொடங்கினர். சீனாவின் பெயர் அவர்களுக்கு உறுத்தியது. கொரியக் கூடத்தின் பெயர்ப்பலகையிலோ பழைய எழுத்தே தங்கிவிட்டது.

பாடங்களுக்கு வருவோம். டாங் சூ டோவின் அடிப்படைப் பாடங்களில் முக்கியமானவை 'பியோங் ஆன்' என்ற ஐந்து. இந்த இரண்டு எழுத்துகளையே ஒக்கினாவாவில் 'பின்னான்' என்றும் டோக்கியோவில் 'ஹெய்யான்' என்றும் படிப்பார்கள். பொருள் ஒன்றே: அமைதி, நலம். இந்த ஐந்தையும் அமைத்தவர் ஒக்கினாவாவின் இத்தோசு ஆங்கோ (1831–1915), இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்காக. ஆயிரம் ஆண்டுப் பழமை இல்லை, பாரதியார் காலத்துச் சரக்குதான்.

இத்தோசுவின் மாணவர் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவுக்கு வந்து கற்பித்தபோது இந்த ஐந்தில் சில மாற்றங்கள் நேர்ந்தன. முதல் பாடத்தையும் இரண்டாம் பாடத்தையும் இடம் மாற்றினார், எளியது முன்னால் வரட்டும் என்று. பூனைபோல முன்காலை லேசாக வைத்து நிற்கும் நிலைக்குப் பதிலாக, பின்காலில் எடை போட்டு நீளமாக நிற்கும் நிலை வந்தது. இப்போது டாங் சூ டோவின் பியோங் ஆனை எடுத்துப் பாருங்கள். வரிசை ஃபுனாகோஷியின் வரிசை. நிலையும் அந்த நீண்ட பின்கால் நிலை. ஆக, இந்தப் பாடம் ஒக்கினாவாவிலிருந்து நேரே கொரியாவுக்குப் போகவில்லை, டோக்கியோ வழியாகப் போயிருக்கிறது. ஏடு தன் பிரதியின் ஊரைத் தானே சொல்லிவிடுகிறது. 1939 வாக்கில் சியோல் இரயில்வே நூலகத்தில் கராத்தே நூல்களைப் படித்துக் கற்றதாக ஹ்வாங் கீயே தம் பிற்கால நூலில் எழுதினார். அதை மறைக்காததற்காக அவரை மெச்ச வேண்டும்.

டேக்வாண்டோவின் கதை வேறு மாதிரி. அந்தப் பெயரை 1955இல் முன்வைத்தவர் தென்கொரிய இராணுவத் தளபதி சோய் ஹாங் ஹி (1918–2002). அவரும் மாணவராக ஜப்பானில் கராத்தே கற்றவர். 1965இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் ஹெய்யான் பாடங்களும் இருந்தன. பின்னால் வந்த நூல்களில் அவை காணோம். அவற்றின் இடத்தை நிரப்பியவை அவர் அமைத்த 'துல்'கள், மொத்தம் 24. ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பதாக விளக்கம் தந்தார்.

முதல் துல்லின் பெயர் 'சோன் ஜி', வானமும் பூமியும். அதில் 19 அசைவுகள். தொடக்கம் எப்படி? இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓர் அடி முன்வைத்துக் குத்து. வலப்புறமாக முழுக்கத் திரும்பிக் கீழ்த்தடுப்பு, மறுபடி ஓர் அடி, குத்து. ஹெய்யான் முதல் பாடத்தின் தொடக்கமும் இதேதான், பியோங் ஆன் முதல் பாடமும் இதேதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஹெய்யானிலும் பியோங் ஆனிலும் வலப்பக்கத் தடுப்புக்குப் பிறகு, பிடிபட்ட கையை விடுவிப்பதுபோல் பின்னே இழுத்து, முஷ்டியைச் சுத்தியல்போல இறக்குவார்கள். சோன் ஜியில் அது இல்லை, ஓரசைவு உதிர்ந்திருக்கிறது. டாங் சூ டோ ஏட்டை அப்படியே படியெடுத்தது. டேக்வாண்டோ அதைத் திருத்தி எழுதியது.

திருத்தியது மட்டுமல்ல, ஒவ்வொரு பாடத்துக்கும் தன் நாட்டு வரலாற்றை உள்ளே வைத்துத் தைத்தது. இதுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. 'ஜூங் கன்' என்ற துல்லில் 32 அசைவுகள். அன் ஜுங் கன் என்ற கொரிய வீரர் 1909 அக்டோபரில் ஹார்பின் இரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டார். 1910 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு 32 வயது என்பதே கணக்கு. 1879இல் பிறந்தவருக்கு முப்பதுதானே ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். கொரியர் பழைய வழக்கில் பிறந்த உடனே ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்று கூட்டுவார்கள். "முப்பது முடிஞ்சு முப்பத்தொண்ணு நடக்குது" என்று நம் பாட்டிமார் சொல்வதற்குச் சற்று மேலே.

வங்காளத்தில் குதிராம் போஸ் தூக்கிலேறியது 1908 ஆகஸ்ட். மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது 1911 ஜூன். நடுவில் ஹார்பின். மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று நாட்டு இளைஞர்கள். வாஞ்சிக்கு அவர் பெயரோடு சேர்ந்த இரயில் நிலையம் இருக்கிறது. குதிராமுக்குப் பாட்டு இருக்கிறது. அன் ஜுங் கன்னுக்கு, பல நாட்டுப் பிள்ளைகள் தினமும் உடம்பால் ஆடுகிற 32 அசைவுகள். வினோதம் என்னவென்றால், அந்த அசைவுகளின் இலக்கணம் அவர் எதிர்த்த நாட்டிலிருந்து வந்தது.

மற்றவற்றையும் பார்க்கலாம். அறிஞர் யுல் கோக்கின் பெயரால் அமைந்த பாடத்தில் 38 அசைவுகள். அவர் பிறந்த ஊர் 38ஆம் அட்சரேகையில் உள்ளது என்பது காரணம். நாடு இரண்டாகக் கிழிந்ததும் அதே கோட்டில்தான். 'ஹ்வா ராங்'கின் 29 அசைவுகள் சோய் தலைமையேற்ற 29ஆம் படைப்பிரிவைக் குறிப்பவை. தளபதி தம்மையும் மறக்கவில்லை! கடற்படைத் தலைவர் யி சூன் சின்னுக்கான 'சூங் மூ' இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது, முழுத்திறமையைக் காட்ட முடியாமல் அவர் போரில் மாண்டார் என்பதைக் காட்ட.

1973இல் சியோலில் தோன்றிய உலக டேக்வாண்டோ அமைப்பார் பயில்வது வேறு தொகுதி. இதன் போட்டி முறைதான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. இவர்களின் 'தேகுக்' பாடங்கள் எட்டும் யீ சிங் என்ற சீன நூலின் எட்டு மூவரிக் குறிகளை அடியொற்றியவை. கொரியக் கொடியிலும் அவற்றில் நான்கு உண்டு. நிலை குறுகியது, இயல்பாக நடக்கிறவன் நிற்பதுபோல. முதல் பாடத்திலேயே முன்னுதை வந்துவிடுகிறது. இங்கே கராத்தேயின் சாயல் வெகுவாக வெளுத்துப்போயிருக்கிறது. ஆனாலும் பாருங்கள், தேகுக் முதல் பாடத்தின் முதல் நான்கு அசைவு: இடப்பக்கம் கீழ்த்தடுப்பு, குத்து, வலப்பக்கம் கீழ்த்தடுப்பு, குத்து. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியவர்கள் வாசற்படியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.

ஏன் இத்தனை சிரமம்? கடன் வாங்கியதைக் கடன் என்று சொல்வதில் கொரியருக்கு என்ன தடை? இதற்கு நம் வங்காளத்தையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1905இலேயே சானோ என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனத்தில் ஜுஜுத்ஸு கற்பித்தார். 1929இல் தாகூர் தககாகி ஷின்சோ என்ற ஜூடோ ஆசானை வரவழைத்தார். ஆண்களோடு பெண்களும் கற்றனர். 1931இல் கல்கத்தா நியூ எம்பயர் அரங்கில் அவர்கள் செய்துகாட்டியபோது தாகூரே அதற்கென்று பாட்டு எழுதினார். ஜப்பானியக் கலை என்று இங்கே யாரும் கூசவில்லை; நம்மை ஆண்டவன் வேறு ஆள். அதே 1929இல்தான் தாகூர் ஜப்பானில் இருந்தபோது, அடிமைப்பட்டிருந்த கொரியாவுக்காகச் சில வரிகள் எழுதித் தந்தார். சியோலின் டோங்கா இல்போ நாளிதழ் வெளியிட்டது. அந்த வரிகளைக் கொரியர் இன்றும் போற்றுகிறார்கள். ஆகவே 35 ஆண்டு ஜப்பானிய ஆட்சி 1945 ஆகஸ்ட் 15இல் முடிந்தபோது, கையில் இருந்த கலை ஆண்டவனுடையது என்று ஒப்புவது எவ்வளவு கசந்திருக்கும் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கோகுர்யோ காலக் கல்லறை ஓவியங்களைக் காட்டி ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசியது அந்தக் கசப்பில்தான்.

உண்மையிலேயே பழைய கொரியக் கலை ஒன்று இல்லாமல் இல்லை. தேக்கியோன் என்ற காலாட்டம் அது. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டேக்வாண்டோவின் உயரமான உதைகளுக்கு அதன் தூண்டுதல் இருக்கலாம் என்பார் உண்டு. வரிசைப் பாடங்களில் மட்டும் அதன் கைரேகை எனக்குத் தெரியவில்லை.

இப்போது போதிதர்மர். 547ஆம் ஆண்டுச் சீன நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. சற்றுப் பின்னர் வந்த குறிப்பு தென்னிந்திய அரசன் மகன் என்கிறது. காஞ்சி என்ற ஊர்ப்பெயர் பிற்காலத்தது. அவர் கைகலப்புக் கற்பித்ததாகச் சொல்லும் மரபு, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யி சின் சிங் என்ற நூலுக்கு முன்னால் போவதில்லை. அது போலி முன்னுரைகளோடு வந்த நூல் என்று தாங் ஹாவ் போன்ற சீன ஆய்வாளர் 1930களிலேயே காட்டினர். தென்னிந்தியத் துறவி ஒருவர் சீனம் போய்த் தியான மரபுக்கு முதல்வரானார் என்ற அளவே நமக்கு ஏராளமான பெருமை. அதற்கு மேல் முஷ்டியையும் உதையையும் அவர் தலையில் ஏற்றுவானேன்? சிலம்பத்துக்குச் சான்று தேடுபவர்கள் தேட வேண்டிய இடம் தென்மாவட்டத்து ஆசான்களின் காலடி வரிசைகள். ஊருக்கு ஊர் வேறுபடும் அவற்றை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டு எழுதினால், பாடபேதம் எத்தனை கிடைக்கும்!

கடைசியாக ஒரு துல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோயின் தொகுதியில் 'கோ டாங்' என்று ஒன்று இருந்தது. கோ டாங் என்பது சோ மன் சிக்கின் புனைபெயர். அவர் பியோங்யாங்கைச் சேர்ந்தவர், காந்தியடிகளின் வழியில் சுதேசிப் பொருள் இயக்கம் நடத்தியவர், 'கொரியாவின் காந்தி' என்று பெயர் பெற்றவர். 1946இல் வடக்கே சோவியத் அதிகாரிகள் அவரைக் காவலில் வைத்தனர். பிறகு வெளியே வரவே இல்லை. தென்கொரிய அரசோடு முறித்துக்கொண்டு 1972இல் கனடா போன சோய், பின்னர் வடகொரியாவோடு நெருங்கினார். 1980களில் கோ டாங் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் 'ஜூச்சே' வந்தது. அது கிம் இல் சுங் அரசின் கொள்கைப் பெயர். 2002 ஜூனில் சோய் பியோங்யாங்கில் காலமானார். ஒரு மாதம் கழித்து அமெரிக்காவில் ஹ்வாங் கீயும் காலமானார். சோயின் வழிவந்த குழுக்களில் சில ஜூச்சேயை ஆடுகின்றன. சில கோ டாங்கையே இன்னமும் ஆடுகின்றன. கறுப்பு பெல்ட்டில் மேலே ஏறிய ஒரு பிள்ளையிடம் "நீ இதுல எதப்பா படிச்ச?" என்று கேட்டால் போதும், அவன் ஆசான் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.