நான் சிவப்பு மையால் கோடிட்ட வரிசை



கிள்ளானில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை 1, 2, 3, 4 ஆகிய இலக்கங்களைக் கொடுத்து, அவற்றை இடம் மாற்றிக் கிடைக்கும் எண்கள் அனைத்தையும் வரிசையாக எழுதச் சொன்னேன். மொத்தம் 24. விடைத்தாளுக்காக நானே ஒரு சிறு கணினி நிரல் எழுதியிருந்தேன். அது 1234, 1243, 1324 என ஏறுவரிசையில் அச்சிட்டது. ஒரு மாணவி மட்டும் 1234, 2134, 1324, 3124, 2314, 3214 என்று தொடங்கியிருந்தாள். வரிசை தவறு என்று சிவப்பு மையால் கோடிட்டேன். இருபத்து நான்கும் விடுபடாமல் இருந்தனவா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

என் நிரல் செய்தது இதுதான். 1432ஐ எடுத்துக்கொள்வோம். வலமிருந்து இடமாக வருகையில், தன் வலப்பக்கத்து இலக்கத்தைவிடச் சிறியதாக முதலில் அகப்படுவது 1. அதற்கு வலப்புறம் அதைவிடப் பெரியவற்றுள் மிகச் சிறியது 2. இரண்டையும் இடம் மாற்றி, பின்னுள்ளவற்றை ஏறுவரிசையில் வைத்தால் 2134. அதுவே அடுத்த எண். இதனைக் கணினிக் காலத்து உத்தி என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

உண்மை வேறு. 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் 'அங்கபாசம்' என்றொரு பகுதி உண்டு. 2 முதல் 9 வரையுள்ள எட்டு இலக்கங்களால் 40,320 எண்கள் அமையும் என்றும், அவற்றின் கூட்டுத்தொகை 2,463,999,975,360 என்றும் ஒன்றையும் எழுதிப் பாராமலே காணும் வழி அதில் உள்ளது. ஆனால் எண்ணிக்கை அறிவது வேறு, ஒன்றும் விடாமல் வரிசையாக விரித்தெழுதுவது வேறு.

விரித்தெழுதும் விதி இசை நூலொன்றில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணன் ஆதரவில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் அது. ஏழு சுரங்களை 5,040 வகையாக அடுக்கலாம். இடமிருந்து தொடங்கி, ஒரு சுரத்தின் கீழ் அதற்கு முந்தைய சுரத்தை வைக்கத்தக்க முதல் இடத்தை நாட வேண்டும். அதற்கு வலப்புறத்தவை மேல்வரியில் உள்ளவாறே இறங்கும். எஞ்சியவை இடப்புறம் இயல்பு வரிசையில் நிற்கும். ச ரி க, ரி ச க, ச க ரி, க ச ரி, ரி க ச, க ரி ச.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1356இல், நாராயண பண்டிதர் கணித கௌமுதியில் இத்தகைய விரிவை இலக்கங்களுக்கே உரிய கணிதமாக்கினார். கணினி அறிஞர் டொனால்டு நூத், தம் பெருநூலின் நான்காம் தொகுதியில், என் நிரலின் வழிமுறையை இந்த நாராயணர் வரை கொண்டுசென்று நிறுத்துகிறார். (உடனே 'கணினியே நம் முன்னோர் கண்டது' என்று யாரும் மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டா. அவர்கள் கண்டது வழிமுறை, அதுவும் வடமொழியில்.)

சார்ங்கதேவரின் ஆறு வரிகளில் ச, ரி, க என்பவற்றுக்கு 1, 2, 3 இட்டு, ஒவ்வொன்றின் இறுதியிலும் 4 சேர்த்துப் பார்த்தேன். அந்த மாணவியின் முதல் ஆறு எண்களும் அப்படியே வந்தன. என் நிரல் வலமிருந்து செய்ததை அவள் இடமிருந்து செய்திருக்கிறாள், கண்ணாடியில் பார்ப்பதுபோல.

அவள் வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸில் பாட்டு வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தவள். அங்கே கற்றாளா, தானாகவே கண்டாளா என்று கேட்க நினைத்தபோது அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள்.