மறுமொழி கேட்ட வானொலி

கொலம்பியா நாட்டின் ஆண்டெஸ் மலைகளில் சுத்தாத்தென்சா என்றொரு சிற்றூர் உண்டு. 1947-இல் அங்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்த இளங்குரு ஹோசே ஹோவாக்கின் சல்செதோ, மலைச்சரிவுகளில் சிதறி வாழ்ந்த உழவர்களுள் பலர் எழுத்தறியாதிருக்கக் கண்டார். அனைவரையும் ஒரே பள்ளியில் கூட்டுவது இயலாத காரியம். ஆகவே சிறியதோர் ஒலிபரப்புக் கருவியை அமைத்துப் பள்ளியையே வீடுகளுக்கு அனுப்பினார்.

வானொலிப் பெட்டி மட்டுமே ஆசிரியராகிவிடாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மாலையில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடுவர். ஓரளவு படித்த ஒருவர், வானொலிக் குரல் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். எழுத்து, எண், உடல்நலம், பொருளாதாரமும் உழைப்பும், ஆன்மிகம் ஆகிய ஐந்தும் பாடங்களாயின. 1958-இல், 'உழவர்' எனப் பொருள்படும் 'எல் கம்பெசீனோ' என்ற வார இதழும் தொடங்கப்பட்டது.

எழுதக் கற்றவர்கள் எழுதவும் செய்தார்கள். இலட்சக்கணக்கான கடிதங்கள் நிலையத்திற்கு வந்தன. அவற்றிற்கு மறுமொழிகளும் சென்றன. பொருள் நெருக்கடி முற்றி, 1989-இல் ஒலிபரப்பு நிலையங்கள் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்கு மாறின. குரல் ஓய்ந்தது. கடிதங்களோ பொகோட்டா நகரின் லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

எத்தனை பேரிடம் பேசினோம் என்று கணக்கிடுவது நமக்கு எளிது. அவர்களுள் எத்தனை பேரைப் பேச வைத்தோம், அவர்கள் பேசியபோது செவிசாய்த்தோமா என்பனவே நம் பணியை அளக்கும் கேள்விகள்.